61,000 என்று சொன்ன மீட்டர்

"சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்றார் புரோக்கர். சென்னையில் செகண்ட் ஹேண்ட் கார் தேடிப் பாருங்கள், பாதி வண்டியை டாக்டர்தான் ஓட்டியிருப்பார், மீதிப் பாதியை ரிட்டயர்டான பேங்க் மேனேஜர். ஒரு ஆட்டோ டிரைவரோ, சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கும் என்னைப் போன்ற ஆளோ ஓட்டிய கார் விற்பனைக்கே வராது போலிருக்கிறது.

நான் வாங்கியது 2014 வேகன் ஆர். பெட்ரோல், மூன்று சிலிண்டர், 998 சிசி. மீட்டரில் 61,400 கிலோமீட்டர் காட்டியது. பேரம் பேசி 2,15,000 ரூபாய்க்கு முடிந்தது. அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஓனர் வரிசையில் இரண்டு என்று இருந்தது. கேட்டேன். "அப்பா பேர்ல இருந்து பையன் பேருக்கு மாத்தினது சார், ஒரே வீடு, அதான் சிங்கிள் ஓனர்னு சொன்னேன்." இந்தப் பதிலில் ஒரு அழகு இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் நான் நிஜமாகவே கவனமாகப் பார்த்தது தண்ணீரைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை கார்கள் ஸ்டியரிங் வரை மூழ்கின என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வண்டிகளில் பல இன்னும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி. ஆனால் சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. அதை முழு நீளத்துக்கும், இனி வராது என்கிற வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டது போல நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியின் ஓரங்களில் வண்டல் இருக்கும். முன்சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பிகளில் துரு இருக்கும். என் வண்டியில் இவை எதுவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்ற எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

காகித வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30, இரண்டிலும் விற்றவர் கையெழுத்து. பேர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை நம் பேருக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடி நமக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை. அவ்வளவுதான்.

அப்புறம் வண்டி வீட்டுக்கு வந்தது. நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளம், இரண்டு தூணுக்கு நடுவே ஒரு இடம். எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கியாயிற்று, பானெட்டில் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று.

ஏன் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். சர்வீஸ் சென்டரில் விட்டால் பத்தாயிரத்துக்குள் ஒரே நாளில் முடிந்துவிடும். பணத்துக்காக இல்லை, கடைசியில் கருவிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எனக்கு அதிகம்தான் ஆயிற்று. பழைய வண்டியில் எந்த ஆயில் எப்போது ஊற்றியது, எந்த நட்டை யார் முறுக்கியது என்று எதுவுமே தெரியாது. கொடுத்த சர்வீஸ் புத்தகத்தில் முதல் மூன்று பக்கம் மட்டும் முத்திரை, பிறகு வெள்ளைத் தாள். கடைக்காரர்கள் பழைய பேரேட்டை மூடிவிட்டு மஞ்சள் தடவிய புது நோட்டில் கணக்குத் தொடங்குவார்களே, அப்படி எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றிவிட்டு, இன்றைய தேதியிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைச் சொந்தக் கையால் செய்தால் ஒவ்வொரு மூலையையும் பார்த்த மாதிரியும் ஆகும்.

கருவிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். ஜிபி ரோடு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், பில்டர் கழற்றும் பெல்ட், அடி அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு கிலோ பனியன் வேஸ்ட். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் தலையை நுழைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே அடிவயிறு கலங்கும். ஸ்டாண்டில் இறக்கி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, வண்டியை இரண்டு கையாலும் நன்றாக ஆட்டிப் பார்த்து, அது அசையாமல் நின்றால்தான் நான் அடியில் போவேன். கடைக்காரர் ஸ்டாண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "சார் மெக்கானிக்கா?" என்றார். "இல்லைங்க, ஆபீஸ்" என்றேன். எழுதிய பில்லை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு கிலோ பனியன் வேஸ்டை இலவசமாகப் போட்டார். அனுபவசாலி.

முதல் ஞாயிறு, ஆயில். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஆயில் அழுக்கோடு சேர்ந்து முழுசாக இறங்கும், ஆனால் சைலன்சர் குழாய் சூடாகியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. மறந்தேன். இடது முழங்கையில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது.

ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனரில் முழு பலத்தையும் கொடுத்தேன், வண்டிதான் லேசாக ஆடியது. முன்னால் வேலை பார்த்தவர் யாரோ காலால் மிதித்து முறுக்கியிருக்கிறார் போல. போல்ட்டின் தலையைப் பார்த்தால் ஆறு மூலையில் இரண்டு மழுங்கியிருந்தது, அதாவது தவறான சைஸ் ஸ்பேனரை யாரோ முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழவந்தாங்கலில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். என் பைக்கைப் பத்து வருடமாகப் பார்ப்பவர். "தம்பி, ரிங் ஸ்பேனர் போடாதீங்க, ஆறு மூலை சாக்கெட் போடுங்க. கைப்பிடிக்கு ஒரு பைப் சொருகுங்க. வெட்டி வெட்டி இழுக்காதீங்க, ஒரே சீரா இழுங்க. மரை போச்சுன்னா ஆயில் நிக்கிற சேம்பரையே மாத்தணும்" என்றார். மாடியில் தண்ணீர்க் குழாய் வேலைக்கு வாங்கி மீந்த ஒரு முழ ஜிஐ பைப் இருந்தது. சொருகி இழுத்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, இளகியிருந்தது.

கடைசி மரையைக் கையால் திருப்பும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்பி, சட்டென்று விலக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சுலபம். ஆயில் என் மணிக்கட்டு வழியாக இறங்கி, சட்டைக் கைக்குள் நுழைந்து, அக்குள் வரை வந்தது. போல்ட் தொட்டியின் அடியில் போய்விட்டது. வந்த ஆயிலின் நிறம் கறுப்பு, அது சகஜம், ஆனால் கெட்டி கெட்டியாக, பாகு மாதிரி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறப்பு இல்லை. உலோகப் பொடி மினுங்கவில்லை. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டேன், அது நசுங்கி உட்கார்ந்துதான் கசிவைத் தடுக்கும், ஒருமுறை நசுங்கியது மறுமுறை நசுங்காது. பில்டரைக் கழற்றினேன். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவி, கையால் மட்டுமே முறுக்கினேன். 5டபிள்யூ-30 ஆயிலை அளந்து அளந்து ஊற்றி, டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தொடாமல் நிறுத்தினேன். எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே செய்தேன். சாவியைத் திருப்பினேன்.

பத்து வினாடி இருக்கும். வாட்ச்மேன் தாத்தாதான் முதலில் பார்த்தார். "சார், வண்டி ஒண்ணுக்குப் போவுது!"

கீழே குனிந்து பார்த்தால் புத்தம்புது ஆயில், தேன் நிறத்தில், பில்டர் ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, கழற்றிய பழைய பில்டரைத் திருப்பிப் பார்த்தேன். அதன் ரப்பர் வளையத்தைக் காணோம். அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, அதன் மேலேயே நான் புது பில்டரை, அதன் புது வளையத்தோடு, முறுக்கியிருக்கிறேன். வளையத்தின் மேல் வளையம். இது உலகத்தில் எல்லா ஆரம்பக்காரர்களும் செய்யும் தவறு, பழைய வளையம் பழைய பில்டரோடு வந்துவிட்டதா என்று ஒரு வினாடி பார்த்தால் போதும். அந்த ஒரு வினாடியை மிச்சம் பிடித்ததற்கு முக்கால் லிட்டர் ஆயிலும் இரண்டு கிலோ பனியன் வேஸ்டும் அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒருவரும் செலவு. கடைக்காரர் அந்த இரண்டாவது கிலோவை ஏன் போட்டார் என்று அப்போது புரிந்தது.

செயலாளர் வந்து பார்த்தார். மரத்தூள் வாங்கிவந்து போட்டு, கூட்டி, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன், இருந்தும் அந்தத் தூண் பக்கம் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு கறை இன்னும் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் அது ஒரு அஜெண்டா. கழிவு ஆயிலை அவர் ஜாடையாகக் காட்டிய மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல், கேனில் பிடித்து மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு பேரல் இருக்கிறது, மறுசுத்திகரிப்புக்கு வாங்கிப் போக ஆள் வருவார்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. அதை விடுங்கள், எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் போர்வெல் இருக்கிறது, வேறு காரணம் வேண்டுமா?

இரண்டாவது ஞாயிறு பேட்டரி. துருவங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் பொறி பறக்கும், நெகட்டிவ் முதலிலேயே கழன்றிருந்தால் பறக்காது, அதுதான் காரணம். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். மல்டிமீட்டரில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி 12.3 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.1, ஆக சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி.

பேட்டரியைத் தூக்கி, அதன் தட்டில் சேர்ந்திருந்த இலைச் சருகைப் பொறுக்கும்போதுதான் அது கிடைத்தது. ஒரு அட்டை. ஆயில் மாற்றியதும் எஞ்சின் பக்கத்தில் கட்டிவிடுவார்களே, அந்த டேக். கயிறு இற்று, கீழே விழுந்து, பேட்டரிக்கு அடியில் ஒளிந்து, அமிலம் பட்டு ஒரு மூலை கரைந்திருந்தது. பால்பாயிண்டில் எழுதியது நன்றாகவே தெரிந்தது. என் வண்டி எண். தேதி, 2021 ஆகஸ்ட். இப்போது: 88,200. அடுத்த ஆயில்: 98,200.

மீட்டரில் 61,400.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2021இல் 88 ஆயிரம் ஓடிய வண்டி, நான் வாங்கும்போது 61 ஆயிரம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஷோரூமுக்கே திரும்பிப் போயிருக்கும். புரோக்கருக்குப் போன் செய்தேன். "சார், அது வேற வண்டியோட டேக்கா இருக்கும்." நம்பர் இருக்கிறது என்றேன். "நம்பர் மாத்தி எழுதிருப்பாங்க சார், பசங்கதானே." அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சண்டை போடலாம்தான், எழுத்தில் எதுவும் இல்லாத பேரத்துக்கு எங்கே போய்ச் சண்டை போடுவது? இனி இது சுமார் 1,20,000 ஓடிய வண்டி என்று வைத்துக்கொண்டேன். டாஷ்போர்டில் மீட்டருக்குக் கீழே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி '+60' என்று எழுதி வைத்தேன். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அதுவரை புரியாததெல்லாம் புரிந்தது. கிளட்ச் பெடல் ரப்பரில் வரி வரியாக இருக்க வேண்டியது வழுக்கைத் தலை மாதிரி இருந்தது, ஸ்டியரிங்கில் பத்து மணி இடத்தில் மினுமினுப்பு, டிரைவர் சீட்டின் வலது ஓரம் மட்டும் அமுங்கியிருந்தது. கண்ணுக்கு எதிரேதான் இருந்தது எல்லாம். நான் மூழ்கிய வண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன், ஓடிய வண்டியைத் தேடவில்லை. ஒரு நிம்மதி, இந்த எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். பெல்ட்டாக இருந்தால் அன்றைக்கே பிரித்திருக்க வேண்டும்.

கூலண்ட் டப்பாவில் இருந்தது வெறும் தண்ணீர், அதுவும் டீ நிறத்தில். "சென்னையில பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உறைவது இங்கே பிரச்சினை இல்லை, சரி. ஆனால் கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்குப் போகிறது, ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளுகிறது. அதைவிட முக்கியம், அது உள்ளே துருப்பிடிக்க விடாது. எங்கள் ஏரியா போர் தண்ணீரைக் குடத்தில் வைத்தாலே மறுநாள் வெள்ளை படியும், அதைப் போய் ரேடியேட்டரில் ஊற்றினால்? வண்டி நன்றாக ஆறிய பிறகு (சூட்டில் அந்த மூடியைத் திறந்தால் முகம் போய்விடும்) வடிகட்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு மறுபடி வடிகட்டி, இப்படி நான்கு முறை. நான்காவது முறைதான் தெளிந்து வந்தது. வடிந்த நீரைத் தொட்டியோடு மூடி வைத்தேன். கூலண்ட் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

இதற்குள் ஒரு புதுத் தொல்லை. ஏசி போட்டு சிக்னலில் நின்றால் வண்டி முழுக்க உதறியது, கியர் குச்சி பரதநாட்டியம் ஆடியது, எஞ்சின் விளக்கு எரிந்தது. மூன்று சிலிண்டர் வண்டி இயல்பிலேயே கொஞ்சம் உதறும் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். எழுநூறு ரூபாய்க்கு, வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் பார்த்தேன். பி0302. அதாவது இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கிறது. ஏன் என்று அது சொல்லாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், இந்தக் கோடு (குறியீடு) வந்ததும் கடைக்கு ஓடி, பிளக்குக்குப் பொறி தரும் காயில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. இந்த வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைக்கு மேல் தனித்தனி காயில். இரண்டாவதில் இருப்பதை மூன்றாவதிலும், மூன்றாவதில் இருப்பதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர வேண்டும். கோளாறு காயிலில் என்றால் அது காயிலோடு சேர்ந்து மூன்றாவது வீட்டுக்குக் குடிபோகும், கோடு பி0303 என்று மாறும். மாற்றிப் போட்டுவிட்டு மீனம்பாக்கம் வரை போய் வந்தேன். மறுபடியும் பி0302. ஆக, காயில் நிரபராதி.

அடுத்தது பிளக். எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும், தலைப்பகுதி அலுமினியம், சூட்டில் மரை உரிந்து வந்துவிடும். கழற்றும் முன் குழியைச் சுற்றி ஊதிவிட வேண்டும், மண் உள்ளே விழக் கூடாது. மூன்றையும் கழற்றி வரிசையாக நியூஸ்பேப்பரில் வைத்தேன். ஒன்றும் மூன்றும் ஒரே கம்பெனி, ஓரளவு புதியது, முனை இளம் பழுப்பு, பிஸ்கட் நிறம். நல்ல எரிப்பு என்று அர்த்தம். இரண்டாவது வேறு கம்பெனி, மிகப் பழையது, நடுவில் இருக்கும் கம்பி தேய்ந்து உருண்டு, இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல்.

ஏன் இரண்டு பிளக்கை மட்டும் மாற்றினார்கள்? பழையதைக் கையில் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. நடுப் பிளக்கின் ஆறுகோணத் தலையில் கீறல்கள், யாரோ கழற்றப் பார்த்து, வராமல், பயந்து, "இது நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லி விட்டுவிட்டிருக்கிறார். எனக்கு மட்டும் எப்படி வந்தது என்றால், முதல் நாள் ராத்திரியே குழியில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காலையில் கால் சுற்று கழற்றி, எட்டாவது பங்கு முறுக்கி, மறுபடி கால் சுற்று என்று அரை மணி நேரம் கெஞ்சிக் கெஞ்சிக் கழற்றினேன். பொறுமை எனக்கு இயல்பில் கிடையாது, அந்த 'டொக்' சத்தம் கற்றுக்கொடுத்தது. புதுப் பிளக்கை மாட்டும்போது ஒரு முழ ரப்பர் குழாயில் அதன் வாலைச் சொருகி, குழாயைத் திருப்பித்தான் உள்ளே இறக்கினேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனராக இருந்தால் கோணலாகவே முறுக்கித் தள்ளும். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே நாள். அன்று சாயங்காலம் தில்லை கங்கா நகர் சிக்னலில் ஏசியோடு நின்றேன். கியர் குச்சி சும்மா இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர், "என்ன, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றார். இத்தனை வருட வாழ்க்கையில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அது.

டயர் விஷயம். பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் வருடமும். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். என் முன் டயர் இரண்டும் 2019, பின் டயர் இரண்டும் 2016, பொத்தானெல்லாம் ஆழமாகவே இருந்தது, சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு எவ்வளவோ மேலே. ஆனால் பக்கச் சுவரை விரலால் அமுக்கினால் காய்ந்த ஏரித் தரை மாதிரி வெடிப்பு. ஸ்டெப்னி 2014, வண்டியோடு பிறந்தது, ஒரு நாள் கூட ரோட்டைப் பார்க்காதது, காற்று சுத்தமாக இல்லை. நான்கு புது டயர் போட்டேன், முன்பக்கம் இருந்ததில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொண்டேன். மொத்தச் செலவில் பாதி இதிலேயே போயிற்று. வருத்தமில்லை.

பிரேக்கில் மட்டும் நான் கை வைக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இருந்த எண்ணெய் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது, புதியது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல், லேசான மஞ்சளாக இருக்கும். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140க்கு வந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. பொங்கல் லீவில் ஏற்காடு போவதாக ஏற்பாடு. இருபது கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே கொதித்து ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆயில் பில்டரில் தப்புச் செய்தால் தரை நாறும். இதில் தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு, நேராக அண்ணன் ஷெட்டுக்கு ஓட்டிப் போனேன்.

"வாங்க தம்பி, இதையும் நீங்களே பண்ணலியா?" என்று சிரித்தார். பண்ணவில்லை என்று சொன்னதும், "அதான் புத்தி" என்றார். பழைய எண்ணெயை வெளியே தள்ள, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பின் இடது சக்கரத்தின் அடியில் போனார். எங்கிருந்தோ குரல் மட்டும் வரும்.

"அமுக்குங்க."

அமுக்கினேன்.

"இன்னொரு வாட்டி. இன்னொரு வாட்டி. புடிங்க. விடாதீங்க, விடாதீங்க..."

காலுக்குக் கீழே பெடல் மெல்ல உள்ளே போகும். சக்கரத்தருகே எண்ணெய் வெளியேறும் நிப்பிளை அவர் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். வெளியே பாட்டிலுக்குள் குழாய் வழியாகக் கறுப்பாக வரும், நடுநடுவே முத்து முத்தாகக் காற்று.

"பூட்டிட்டேன். இப்ப விடுங்க. நான் பூட்டுறதுக்கு முன்னாடி விட்டீங்கன்னா காத்தை உள்ள இழுத்துரும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. நடுநடுவே டப்பா காலியாகிவிடாமல் அவர் வீட்டுப் பையன் ஊற்றிக்கொண்டே இருந்தான். முக்கால் மணி நேரம். பின்சக்கர டிரம்மைக் கழற்றியபோது உள்ளே இருந்த பிரேக் கட்டையைப் பார்த்து அவர் ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் தகரம் தெரிந்தது. "இது எவ்ளோ ஓடின வண்டின்னு சொன்னாங்க?" என்றார். 61 என்றேன். அவர் சிரிக்கவில்லை, கட்டையைக் குப்பைப் பக்கம் வீசிவிட்டு, "சரி, ரெண்டு செட் புதுசு வாங்கிட்டு வாங்க" என்றார். ஒரு சொட்டு பிரேக் ஆயில் கதவோரம் விழுந்திருந்ததை ஈரத் துணியால் உடனே துடைத்தார், பெயிண்டை அரித்துவிடும்.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏர் பில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே தேங்காய் நார், பாதி முறுக்கு, ஒரு கோயில் விபூதிப் பொட்டலம். குடும்பமே நடத்தியிருக்கிறது. ஒரு வயரின் மேல்தோலைக் கடித்திருந்தது, நல்லவேளையாக உள்ளே செம்பு வரை போகவில்லை, டேப் சுற்றினேன். இதற்கு எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது. நாப்தலின் உருண்டை, பெப்பர்மிண்ட் எண்ணெய், சத்தம் போடும் கருவி. நான் புகையிலைக் காம்பைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் எலி வரவில்லை. பிறகு வந்தது, துணியைத் தின்றுவிட்டுப் புகையிலையை வைத்துவிட்டுப் போயிருந்தது. இப்போது ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். இருட்டும் வெதுவெதுப்பும் இருந்தால்தான் கூடு கட்டும் என்கிறார்கள். இதுவரை பலன் இருக்கிறது, செயலாளருக்குத்தான் அது பிடிக்கவில்லை, பார்க்கிங் ஒர்க்‌ஷாப் மாதிரி இருக்கிறதாம்.

டயரைச் சேர்த்து, கருவிகளைச் சேர்த்து, தரையில் ஊற்றிய ஆயிலையும் சேர்த்து மொத்தம் 34,000 ரூபாய் சொச்சம். வண்டி விலையோடு கூட்டினால் இரண்டரை லட்சம். அந்த விலைக்கு நிஜமாகவே 61 ஆயிரம் ஓடிய ஒன்று கிடைத்திருக்கலாம், கிடைத்ததாக இன்னொரு புரோக்கர் சொல்லியிருக்கவும் செய்யலாம்.

ஏற்காடு போய்வந்தோம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விட்டு, எஞ்சின் பிடித்துக்கொள்ள, பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்தேன், பெடல் கடைசி வரை கல் மாதிரி நின்றது. திரும்பி வந்து, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன் இடது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. மெதுவாகப் போனால் வரும், வேகமாகப் போனால் வராது. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷாக இருக்கும் என்று அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார். ஜாக்கி ஸ்டாண்டைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றி, ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும், செயலாளர் கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து.